காற்புள்ளி

டிசம்பர். எஸ்தோனியாவில், வோரு நகரத்துப் பள்ளியில்
பிற்பகல் மூன்றரைக்கே வெளியே ராத்திரி.
கணினி அறையில் பதினான்கு திரைகள்,
ஈரக் கையுறைகள் காயும் வாசனை.

கெர்த்து கிளாரினெட்டைத் தொட்டதில்லை.
தொடத் தேவையுமில்லை.
நீலப் பட்டையைச் சுட்டியால் பிடித்து
நீட்டினால் சுரம் நீளும்.
இடைவெளி தெரிந்த இடமெல்லாம்
இழுத்து ஒட்டினாள்.
இருபத்து நான்கு கட்டம், ஒரே நூல்.

யாருக்கு இது என்று கேட்ட மார்யுவிடம்
"மூச்சு விடாதே" என்றாள்.

கணினி வாசித்தது.
முகம் சிவக்கவில்லை, தோள் அசையவில்லை.
கடைசிக் கட்டம் வரை
பனி மேல் சறுக்கு வண்டி மாதிரி.
வகுப்பே மேசையைத் தட்டியது.
ஆசிரியை ஐந்துக்கு ஐந்து போட்டார்.

வெள்ளிக்கிழமை
அச்சிட்ட தாளை இம்ரேயிடம் நீட்டினார்கள்.
அவன் சீவாளியை நாக்கால் நனைத்தான்.
நாலு கட்டம் நன்றாகத்தான் போனது.
ஐந்தில் புருவம் ஏறியது.
ஆறில் காது சிவந்தது.
ஏழில்
வாத்து ஒன்று மிதிபட்ட சத்தம்.

சிரிப்பு அடங்கக் காத்திருந்து
"கம்ப்யூட்டர் வாசிக்கிறதே" என்றாள் கெர்த்து.
"அதற்கு நுரையீரல் இல்லை.
எனக்கு ரெண்டு இருக்கு. ரெண்டும் காலி."

மார்யுவிடம் சொன்னதைத்தான்
மெட்டும் அவனிடம் சொல்லியிருக்கிறது.

வீடு திரும்பும் பேருந்தில்
மெட்டை மனசுக்குள் ஓட்டியபடி
மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
தபால் நிலையம். மரக்கடை.
உடம்புக்கு என்னம்மா என்றார் எதிர் இருக்கைக்காரர்.
பதில் சொல்ல முடியாது,
ஏரி நிறுத்தம் இன்னும் வரவில்லை.
வரவேயில்லை.

திங்களன்று பட்டியலுக்குள் பட்டியல் திறந்து
அடியில் கிடந்த குறி ஒன்றைக் கண்டெடுத்தாள்.
காற்புள்ளி.
கால் என்றால் காற்று; பழைய பொருள்.
ஐந்தாம் கட்டத்தின் தலையில் வைத்தாள்.

தெரியாத ஆளைக் கடப்பது போல
கணினி அதைக் கடந்து போனது.

இம்ரே நின்றான்.
ஒரு கண்ணிமைப்பு.
தோள் எழுந்தது, உதட்டோரம் சின்னதாய் ஒரு 'ஸ்'.
அந்த மெட்டில் அவள் எழுதாத ஒலி
அது ஒன்றுதான்.
அதற்குப் பிறகு வந்த சுரம்
அவள் இதுவரை கேட்காத சுரமாக இருந்தது,
திரையில் என்னவோ அதே நீலம்.

மார்யு எல்லாவற்றையும் பார்த்தாள்,
மூச்சு விடவில்லை.

"பதினொன்றாம் கட்டத்தில் இன்னொன்று போடேன்"
என்றான்.
யோசிக்கலாம் என்றாள்,
அதற்குள் சுட்டியைக் கையில் எடுத்து.