இடப்பக்கத்துக் கால்மிதி

ஏலகிரியின் பதினாலு வளைவும் இறங்கி முடிப்பதற்குள்
கார் கத்த ஆரம்பித்திருந்தது.
நாங்களும்தான்.

மறுநாள் ஞாயிறு. சத்துவாச்சாரி ஃபேஸ் டூவில்
பின்னாலிருக்கும் பாறை சூடேறுவதற்கு முன்
முடித்துவிடலாம் என்று
ஆறு மணிக்கே பின்சக்கரத்துக்கு ரெண்டு கல் வைத்தேன்.
தரையில் நிற்கும்போதே நட்டைத் தளர்த்தி
அப்புறம் ஜாக்கி, அப்புறம் ஸ்டாண்டு.

நைட் டூட்டி முடித்து தேவகிருபை கேட்டைத் திறந்தாள்.
பேசவில்லை.
பையை மதில்மேல் வைத்துவிட்டு
டார்ச்சை வாங்கிக்கொண்டாள்.

காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது.
கயிறு தேடினேன்.
அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு
கழுத்து வாரை மட்டும் நீட்டினாள்.
சுருள்வில்லில் கட்டினேன்.

வெளிப்பக்கக் கட்டையில் இன்னும் பாதி மிச்சம்.
உள்பக்கத்தது தேய்ந்து
இரும்பு தெரிந்தது.
நகர வேண்டிய பின் துருப்பிடித்து நின்றுவிட்டதில்
இத்தனை நாளும்
ஒன்றே பிடித்து நிறுத்தியிருக்கிறது
எல்லாவற்றையும்.
ரெண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்,
ரொம்ப நேரம்.
நான் பின்னுக்கு எமரி போட்டேன். கிரீஸ் தடவினேன்.

பிஸ்டனை உள்ளே தள்ளினால் மேலே ஆயில் பொங்கும்.
காலாவதியான ஐம்பது மில்லி சிரிஞ்சு ஒன்று வீட்டில் கிடந்தது.
அவளே உறிஞ்சினாள்,
பழக்கதோஷத்தில் குமிழியைச் சுண்டிவிட்டு.
நான் கிளாம்பைத் திருகும்போது
"மெதுவா" என்றாள்.
அன்றைக்கு முதல் சொல்.

எதிர்ப்பக்கமும் முடிய ஒன்பதே கால்.
வண்டியை எடுக்கும் முன் நாலைந்து தடவை மிதிக்கணும்,
கட்டை போய் டிஸ்க்கைத் தொடும்வரை.
தெரிந்தவன்தான்.
தெரிந்தும், முதல் மிதி
தரைவரைக்கும் போனபோது
ஏழாவது வளைவு மாதிரி வயிறு காலியானது.
மிதித்தேன். மிதித்தேன்.
ஐந்தாவதில்
கால் எதன்மேலோ நின்றது.

பதினேழாம் நம்பர் ஸ்பானர் இடப்பக்கம் உருண்டிருந்தது.
குனிந்தால், கால்மிதியில் ஒரு குழி.
குதிகால் அளவு.
ஒன்பது வருஷமாய் அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை
மிதித்து மிதித்து.

சாவியை நீட்டினேன்.
"தூங்கி எழுந்து" என்றாள்.

சாயங்காலம் கிரீன் சர்க்கிள் தாண்டி
ஷேர் ஆட்டோ ஒன்று கை காட்டாமல் ஒடித்தது.
அவள் மிதித்தாள்.
சத்தமே இல்லாமல் நின்றது வண்டி.
நானும் மிதித்திருந்தேன்.
குழியில் என் குதிகால்
முழுசாய் உட்காரவில்லை.