முறை

பர்மா பஜாரில் நூற்றிருபது ரூபாய்.
எழுத்தெல்லாம் ஜப்பான்.
நாயகனுக்கு வடிவம் பார்த்து நான்கு எழுத்து வைத்தேன்,
இன்றுவரை அவன் பெயர் எனக்குத் தெரியாது.

உலகம் முடிந்து எத்தனை வருடமோ.
மணலில் ஒரு டாங்கி, பாதி டீசல்.
துருப்பிடித்த தேள் எதிரே வந்து
நின்றது.
அதன் காலடியில் ஐந்து வரி.
மூன்றாவது, தப்பி ஓடு:
செத்துச் செத்துக் கற்றது.

தெருவில் லாரி ஹாரன்.
வியாசர்பாடி எச் பிளாக் மொத்தமும் படியில்.
ஆறு குடத்தோடு இறங்கினேன்.
வரிசை என்று ஒன்று இருந்தது, கொஞ்ச நேரம்.
பிறகு எஸ்தர் அக்காவின் முழங்கை என் விலாவில்.
ஹோஸ் இந்தப் பக்கம் திரும்புமுன் லாரி வற்றியது.
ரெண்டு குடம், ஒன்று கலங்கல்.

மூன்று மாடி ஏறி வந்தால்
தேள் அங்கேயே நிற்கிறது,
கொடுக்கைத் தூக்கியபடி,
என் முறைக்காக.

மூன்றாவதை அழுத்தக் கை வரவில்லை.