பதினொன்றாம் கட்டம்

வங்கிப் படிவத்தில் பதினொன்றாம் கட்டம்:
அடுத்த ஐந்தாண்டு, இருக்கைகளின் எண்ணிக்கை, எதிர்பார்க்கும் வரவு.
ஆடிட்டர் சாம்பமூர்த்தி பென்சிலால் எழுதியிருக்கிறார்
நாற்பது, இருபது, பன்னிரண்டு,
அப்புறம் ஒரு கோடு.
"அடுப்படி மட்டும் போதும்மா.
மன்னார்குடியில இனிமே யாரு உக்காரப் போறா?"

தப்பில்லை.
நேற்று மதியம் மட்டும் அறுபத்து மூன்று பார்சல்.
சாம்பார்ப் பைகளின் கழுத்தை முறுக்கி முறுக்கி
செல்வநாயகிக்கு விரல் வீங்கிவிட்டது.
டெலிவரிப் பையன்கள் கல்லாவுக்கு எதிரே நின்றார்கள்,
ஃபோனில் நிமிஷம் குறைவதைப் பார்த்தபடி.
நூற்றுக்கு இருபத்து நாலு கம்பெனிக்கு.
காலி மேசைகளுக்கு மின்விசிறி வீசியது,
அதற்கும் யூனிட் ஓடியது.

கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஏழாம் மேசையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.
செயின் மிஷின் ஓட்டுபவர், ஆத்தூர்ப் பக்கம்,
புருவம் வரை நெற்சுணை.
என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.
இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.
கால் மணியில்
பந்தலடியிலிருந்து ஒரு கோழி பிரியாணி வந்து இறங்கியது,
அவர் பெயருக்கு,
என் கடை விலாசத்துக்கு,
முட்டைகூட நுழையாத கடைக்கு.

சப்ளையர் இதயதுல்லா என்னைப் பார்த்தான்.
நான் அவரைப் பார்த்தேன்.
"கோவிச்சுக்காதீங்க. வயலுக்கு வராதாம்,
விலாசம் கேக்குது.
வரப்புக்கு என்ன கதவு நம்பர் போடுறது?"

பின்கட்டில் கைகழுவுமிடத்தை ஒட்டி
ஒற்றை மேசை கிடந்தது. அங்கே இலை போடச் சொன்னேன்,
ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.
பில் எப்படி எழுதுவது என்று இதயதுல்லா கேட்டான்.
எழுது:
நாற்காலி ஒன்று, ஃபேன், தண்ணி, இலை. முப்பது ரூபாய்.
அவர் ஐம்பதாக வைத்துவிட்டு
"நாளைக்கு நாலு பேரா வரலாமா?" என்றார்.

அதற்குப் பிறகுதான் உட்காருகிறவர்களை எண்ணத் தொடங்கினேன்.
கோர்ட்டில் வாய்தா வாங்கி, சேர்ந்தும் போக முடியாமல்
பிரிந்தும் போக முடியாமல்
ஒரு காபியைப் பாதியாக்கிக் குடித்த தம்பதி.
இன்ஷூரன்ஸுக்கு அழுகிய பயிரை அளக்க வந்த பெண்,
சாக்கடிப் பேப்பர்களைப் பரப்ப அவளுக்கு மேசை வேண்டும்.
மதியம் ஒரு மணிக்கு விலாசம் இல்லாதவர்கள்.

கோட்டை அழித்துவிட்டு இருபத்து நாலு என்று போட்டேன்.
"எந்தக் கணக்குல?" என்றார் ஆடிட்டர்.
தை, மாசியில் ஊருக்குள் எத்தனை மிஷின் வருது தெரியுமா என்றேன்.
"மீதிப் பத்து மாசம்?"

பதில் இல்லை.
மூன்றாம் மேசைக்கு ஒரு கால் ஆடுகிறது,
ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன்.