எத்தனை தடவை

இருபது கொண்டை ஊசி வளைவையும்
எண்ணிக்கொண்டே இறங்கினாராம்
நாகலூர் ஜீப் ஓட்டுநர் பொன்னுரங்கம்.
இயந்திரம் வாங்குகிறது, தட்டணுக்களைப் பிரிக்கிறது,
சிவப்பை அவருக்கே திருப்பித் தருகிறது.
"கந்துவட்டிக்காரனுக்கு இது எவ்வளவோ தேவலை" என்கிறார்.

உதட்டில் எறும்பு ஊருதா?
"ஆமா, கட்டெறும்பு."
வேகத்தைக் குறைத்துக் கால்சியம் மாத்திரை கொடுக்கிறேன்.
முன்பெல்லாம் கேட்க மாட்டோம்,
நெளிந்தால் அசையாதீங்க என்போம்.

நீர் விட்ட மல்கோவாச் சாறாய்
ஒரு பை நிறைகிறது.
ஐந்து நாள்தான் அதற்கு ஆயுள்.

வார்டில் மணி மூன்று.
பதினேழில் ஒரு மாதேஸ்வரி,
பத்தொன்பதில் இன்னொரு மாதேஸ்வரி,
இருவருக்கும் ஓமலூர்ப் பக்கம்.
"நீங்கதானே மாதேஸ்வரி" என்றால்
காய்ச்சலில் யாரும் உம் கொட்டுவார்கள்.
சித்திரையில் அப்படி ஓர் உம்முக்கு
வேறொருவர் பை ஏறியது.
பதினைந்து மில்லியில் நர்ஸ் ரோசாலி நிறுத்தினாள்.
பிழைத்துக்கொண்டார், வீட்டுக்கும் போனார்.
அந்தப் பதினைந்தை
நான் இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது பெயரை நாங்கள் சொல்வதில்லை.
அது அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும்.
ரோசாலி கைப்பட்டை எண்ணைப் படிக்க
நான் பையின் எண்ணைப் படிக்க
"உங்க பேரு என்னம்மா?"
கண் திறக்காமலே,
"எத்தனை தடவைதான் கேப்பீங்க?"
இன்னும் ஒரே தடவை.
"மாதேஸ்வரி. அப்பா சென்றாயன்.
வீட்டுச் சேவல் பேரும் வேணுமா?"

சொட்டு விழுகிறது.
கால் மணி நேரம்
கட்டிலை விட்டு நகரவில்லை நாங்கள்.

கீழே, முதல் ஏற்காடு பஸ்ஸுக்குக் காத்திருந்த பொன்னுரங்கம்
டீ டம்ளரை ஊதிக்கொண்டே கேட்டார்,
"யாருக்குப் போச்சு?"
சொல்லக் கூடாதுங்க.
"பேராவது?"
அதைத்தாங்க.