உள்விளிம்பு

ஏப்ரல் இரண்டாம் வாரம். ஹார்ஸ்டாட்டில்
சாலையோரம் இன்னும் கறுத்த பனி.
இன்றைக்குப் பதினோராவது கார்.
மின்சார வண்டி, வந்ததே கேட்கவில்லை.
குனிந்திருந்தவள் நிமிர்ந்தால்
முகத்துக்கு நேரே விளக்கு.

ரங்ஃப்ரிட் ஒரு கதவால், ஆர்ன்ஃபின் மறு கதவால்.
இறங்கும்போதே சண்டை பாதியில் இருந்தது.
"இரண்டு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை, மொட்டை."
"உன் கால் அப்படி."
"என் காலா?"

பழகிவிட்டது எனக்கு.
இந்த ஊரில் யாரும் தன் காலைச் சந்தேகிப்பதில்லை.

நான்கு ரப்பர் வில்லைகளை நான்கு புள்ளியில் வைத்துத்தான்
இதைத் தூக்க வேண்டும். ஒரு விரற்கடை பிசகினால்
அடிவயிறு முழுக்க பேட்டரி.
இரண்டு டன்னுக்கு மேல்.
அத்தனையும் நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில் நிற்கிறது என்றால்
ஆட்கள் தங்கள் உள்ளங்கையைப் பார்ப்பார்கள்.
இவர்களும் பார்த்தார்கள், தனித்தனியாக.

ஆழமானியை வரிப்பள்ளத்தில் இறக்கினேன்.
முன்னால் ஆறு மில்லிமீட்டர், ஆறு.
பின்னால் வலது நாலரை.
இதில் யார் குற்றமும் இல்லை, என்றேன்.
வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம்.
காலை எடுத்ததும் இழுத்துப் பிடித்து
மின்சாரத்தைத் திருப்பிக் கறப்பதும் அதே பின்சக்கரம்.
தீவுக்குப் போகும் கடலடிச் சுரங்கத்தில்
இறங்கும்போதும் அதற்கே வேலை, ஏறும்போதும் அதற்கே.
முன்னிரண்டும் வழிகாட்டிக்கொண்டு சும்மா வருகின்றன.
பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை
முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றியிருந்தால்
நான்கும் சேர்ந்தே கிழடு தட்டியிருக்கும்.

"சொன்னேனா?" என்றார்கள்
இருவரும் ஒரே நேரத்தில்.

இடது பின்சக்கரத்தைக் கழற்றிப் புரட்டினேன்.
வெளிப்பக்கம் நாலரை. நடுவில் நாலு.
உள்விளிம்பில் ஆழமானி இறங்கவே இல்லை.
விரலை வைத்தேன். வழவழவென்றிருந்தது,
கூழாங்கல் மாதிரி. நூல் தெரிய இன்னும் கொஞ்சம்தான்.
நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படாத இடம்,
மண்டியிட்டால்கூடத் தெரியாது.

இது காலின் வேலை இல்லை.
சக்கரம் கோணியிருக்கிறது,
அரைப் பாகைகூட இல்லாத கோணல்.
நேரே போகிற வண்டியில் தான் மட்டும்
வேறெங்கோ போகப் பார்த்தபடி
குளிர்காலம் முழுக்க உருண்டிருக்கிறது.
"எங்கேயோ இடித்திருக்கிறீர்கள்."

யாரும் பேசவில்லை.
உலோக வட்டில் ஒரு கீறல், அதற்குள் மஞ்சள் பெயின்ட்.
துடைத்தேன், போகவில்லை.
எனக்குத் தெரிந்து இங்கே மஞ்சள் அடித்த கல்விளிம்பு
படகுத்துறையில் மட்டும்தான்.
வாயைத் திறக்கவில்லை நான்.
துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

ரங்ஃப்ரிட் குனிந்தாள். நிமிர நேரமானது.
"நீ எப்போது படகுத்துறைக்குப் போனாய்?"

ஆர்ன்ஃபின் சுவரிலிருந்த விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தான்,
வைப்பர் விலை, டயர்க் கிடங்கு வாடகை, எல்லாம்.
"நவம்பரில்," என்றான்.
"ஒருநாள். ஏறவில்லை."

அந்நேரம் பார்த்து கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது,
அதற்கு என் நன்றி.

கிடங்கிலிருந்து கோடை டயர்களை உருட்டி வந்தேன்.
போன அக்டோபரில் நானே சாக்பீஸால் எழுதி வைத்தவை:
எது முன், எது பின், எது எந்தப் பக்கம்.
போன வருடம் முன்னிருந்ததை இந்த வருடம் பின்னால்.
ஆனால் அச்சைச் சரிபார்க்காமல் விட்டால்
இதையும் செப்டம்பருக்குள் தின்றுவிடும்.
நாற்பது நிமிடம் ஆகும் என்றேன்.
காப்பி இயந்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி,
அந்தப் பக்கம் ஒன்று. எப்போதும் அப்படித்தான் கிடக்கின்றன,
நான் போட்டதில்லை.

பாதியில் அவள் மட்டும் எழுந்து வந்தாள்.
திரையில் சிவப்பாக நின்ற எண்ணைக் காட்டினேன்.
"இவ்வளவுதானா?"
"இவ்வளவு போதும்."
தண்டை முறுக்க முறுக்க எண் பச்சையாவதை
நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

சாவியை மேசையில் வைத்தேன், நடுவில்.
நூறு கிலோமீட்டர் ஓடியதும்
நட்டுகளை மறுபடி இறுக்க வர வேண்டும்.
மறந்துவிடாதீர்கள், என்றேன்.
யாராவது ஒருவர் வந்தால் போதும்.