தண்ணிக் கழிவு

சேரம்பாடி விடிவெள்ளி எப்.சி.யின்
வரவுப் புத்தகத்தில்
ஜனவரி மூன்றாம் ஞாயிறு:
டிக்கெட் பதினான்கு.
அதில் நான்கு எதிரணியின் ஜீப்பில் வந்தவை.
ஒன்று, செயலாளர் என்ற முறையில்
எனக்கு நானே கிழித்துக்கொண்டது.

சும்மா இருக்கவில்லை.
பீரான்குட்டியின் ஜீப்பில் குழாய் கட்டி
சோலாடி வரை தமிழிலும்
பாலம் தாண்டி மலையாளத்திலும் கூவினோம்.
சாவடிக்காரர் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு
'என்ன விக்கிறீங்க?' என்றார்.

குலுக்கல் பரிசாக ஒரு சேவல் வைத்தோம்.
இடைவேளைக்கு முன்பே கயிற்றை அறுத்துக்கொண்டு
கார்னர் கொடி வழியாகத் தேயிலைக்குள் போனது.
அன்று ரசிகர்கள் எழுந்து நின்றது
அப்போது மட்டும்தான்.

மஞ்சேரியிலிருந்து ஒரு பார்வர்டு.
இரண்டு கோல், மூவாயிரம் கூலி.
கேட்டில் விழுந்தது எழுநூறு.
மீதி எங்கிருந்து போனது என்பதை
இலை பறித்துச் சேர்த்த என் மனைவி
இன்னும் மறக்கவில்லை.

பிப்ரவரியில் ரெபரி வரவில்லை.
நாடுகாணி வளைவில் யானை நிற்கிறதாம்.
விசிலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன்.
கண்ணில் பட்டவர் பவுன்ராஜ் சூப்பர்வைசர்,
இரண்டாம் டிவிஷனில் இலை நிறுக்கிறவர்,
பதினெட்டு வருஷமாகத்
தராசு முள்ளைத் தவிர வேறெதையும்
நிமிர்ந்து பார்க்காதவர்.
'ரூல்ஸ் தெரியுமா சார்?'
'கழிக்கத் தெரியும்' என்றார்.

கழித்தார்.
ஷம்னாத் அடித்த சுத்தமான கோலை
கை பட்டதென்று சொல்லிக் கழித்தார்.

மேட்டுப் பாதையில் விறகுக்கட்டோடு போன ராக்காயி
நின்றாள். கட்டை இறக்கினாள்.
எடைக்கொட்டகையில் பதினெட்டு வருஷம்
எச்சிலோடு விழுங்கியதெல்லாம்
ஒரே மூச்சில் மேலேறி வந்தது:

'ஏய்யா, கோலுக்குமா தண்ணிக் கழிவு?'

மைதானம் ஒரு நொடி பேச்சற்றது.
பிறகு பதினான்கு பேரும் சிரித்ததில்
தொண்ணூறு பேர் சத்தம் இருந்தது.

அடுத்த ஞாயிறு மூன்றாம் லைன் முழுக்க வந்தது.
குடை, கைக்குழந்தை, தூக்குவாளியில் அவித்த மரவள்ளி.
அதற்கடுத்த ஞாயிறு ஐந்தாம் லைனும்.
'முத்தின இலை கூடையடியில் கிடந்தாக்கூட தெரியும்,
மூக்குக்கு முன்னால ஃபவுலு தெரியலையா?'
'கூடுதல் நேரமா? அதுக்காவது காசு போட்டுக் குடு!'
வடுவஞ்சாலில் இருந்து வந்த பையன்கள்
கழிவு என்றால் என்னவென்று தெரியாமலே
'தண்ணிக் களிவு, தண்ணிக் களிவு' என்று
தகரம் தட்டக் கற்றுக்கொண்டார்கள்.
பந்து எந்தப் பக்கம் போகிறதென்று
பாதிப் பேர் பார்க்கவில்லை.
விசில் எந்தப் பக்கம் போகிறதோ
அந்தப் பக்கம் திரும்பின முகங்கள்.

திங்கட்கிழமைகளில் மாற்றம் ஒன்றுமில்லை,
என் மனைவி சொன்னாள்.
பனி ஈரம் என்று வழக்கம்போல ரெண்டு கிலோ கழித்தாராம்.
ராக்காயி வாய் திறக்கவில்லையாம்.
வரிசையின் கடைசியில் மட்டும்
யாரோ உதட்டைக் குவித்து
மெதுவாக ஒரு விசில்.
முள்ளிலிருந்து தலை நிமிர்ந்தாராம்.
கழித்ததைத் திருப்பித் தரவில்லை.
ஆனால் நிமிர்ந்தார்,
அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் மாறியது.

மார்ச் கடைசியில் முந்நூறு ரூபாயைக் கவரில் போட்டு
அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.
தனியாள். ஒரு கட்டில், ஒரு ரேடியோ.
ஜன்னல் கம்பியில் காய்கிறது
துவைத்து வெளுத்த கறுப்புச் சட்டை.
கவரைத் தொடவில்லை.
'இன்னிக்கு எத்தனை?'
'முந்நூத்திப் பன்னிரண்டு சார்.'

சட்டை நுனியால் விசிலைத் துடைத்தார்.
ரொம்ப நேரம் துடைத்தார்.
'அடுத்த வாரம்
ஒரு பெனால்டியைக் குடுக்காம விடட்டுமா?'

கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும்.
சங்க விதி ஏழு அதைத்தான் சொல்கிறது,
அதை எழுதியதும் நான்தான்.

'எத்தனாவது நிமிஷத்துல சார்?' என்று கேட்டேன்.