காப்பு

நாகலூரோடு மினிபஸ் நின்றுவிட்டது.
மிச்ச மலையை நடந்தேன், தோளில் பிரஷர் மெஷின்.
முந்தின நாள்தான் காப்புக் கட்டியிருந்தார்கள்:
தெருவுக்குக் குறுக்கே வேப்பிலை,
எட்டு நாள் வெளியூரில் படுக்கக் கூடாது,
எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது,
மாத்திரையும் கூடாதாம்.

சடையாண்டிப் பூசாரி வலக்கையை நீட்டவில்லை.
அதில் மஞ்சள் கயிறு, கிழங்கு.
இடக்கையைத் தந்தார், பழைய கடனைத் திருப்புவதுபோல.
பட்டையைச் சுற்றினேன்.
"இதுவும் காப்புதானா?" என்றார்.
காற்றடிக்கும்போது சிரிப்பு வந்தது,
எண்ணைப் பார்த்ததும் போய்விட்டது.
நூற்றுத் தொண்ணூறு. கீழே நூற்றுப் பத்து.

"பின்னந்தலை இடிக்குதுங்களா?"
"இடிக்கும். அப்புறம் கண்ணு இருட்டும்.
காதுக்குள்ள ஆறு ஓடும். அப்புறம் அவ வருவா.
இருவது வருசமா அவ வர்ற வழி அது.
அடைக்கச் சொல்றியா சிஸ்டரு?"

பயிற்சியில் இதற்குப் பதில் தரவில்லை.
உப்பைக் குறைக்கச் சொல்லலாம் என்று நிமிர்ந்தால்
பலிபீடத்தடியில் முழங்கால் உயரம் உப்பு,
மிளகு கலந்து, ஊரே கொட்டியது,
மரு உதிர, கட்டி கரைய,
பெயர் தெரியாத வலியெல்லாம் கரைய.
சொல்ல வந்ததை விழுங்கினேன்.
அதுவும் கரித்தது.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கேப்சூல் தோலு மாட்டெலும்புங்கறாங்களே?"
"இது வெறும் வில்லைங்க. சுண்ணாம்பு மாதிரி."
முகர்ந்தார். திருநீற்றுத் தட்டின் ஓரம் வைத்தார்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
கோயில் நாய் மட்டும் கடைசி வீடு வரை கூட வந்தது.

எட்டாம் நாள் ராத்திரி அழைப்பு.
டியூட்டி இல்லை, இருந்தும் போயிருந்தேன்.
பம்பை ஏறியது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது.
எல்லோரும் அவள் வருகிறாளா என்று பார்த்தார்கள்.
நான்
வாய் கோணுகிறதா, ஒரு கை தொங்குகிறதா என்று பார்த்தேன்.
அவ்வளவு உன்னிப்பாக
எந்தச் சாமியையும் அதற்கு முன் பார்த்ததில்லை.

வந்தாள். கூட்டத்தைப் பிளந்து நேரே என்னிடம்.
"எதைடி அளக்கற?"
நெற்றியில் அழுத்திப் பூசிய விரல்
சுட்டது, கொஞ்சம் நடுங்கியது.
நடுக்கத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காப்பு அவிழ்த்தார்கள்.
தட்டோரம் அதே அட்டை. பத்தில் மூன்று குழி காலி.
எந்த மூன்று நாள் என்று கேட்கவில்லை.
மிச்ச நாளை யார் தாங்கியது என்றும்.

"ம்" என்று உட்கார்ந்தார்.
இந்த முறை வலக்கை,
மணிக்கட்டில் மஞ்சள் கறை போகாமல்.
காற்றடித்தேன்.